மூன்று பிரிவும் ஒரு மேசையும்

“தரத்தப் பத்தி ஒங்கட தரப் பிரிவோட கதைக்கணும். லைனக் குடுங்க,” என்றார் கொழும்பிலிருந்து முஹ்ஸின்.

விற்பனைப் பிரிவாக அதுவரை பேசிக்கொண்டிருந்த முபாரிஸுக்கு வியர்த்தது. தரப் பிரிவும் அவன்தான். மூன்றாவதான விநியோகப் பிரிவும் அவன்தான். குறிஞ்சிப்பிட்டியில் அவனுடைய கருவாட்டுக் கந்தோரில் இருந்தது ஒரு மேசை, இரண்டு கதிரை, போன வாரம் பூட்டிய இன்டநெட் தொலைபேசி. ‘ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்’ என்று மிடுக்காகப் பதிந்து கொடுத்தவள் மனைவி ஸும்ரா.

வேறு வழியில்லை. “நான்தான் எல்லாம்” என்று உண்மையைச் சொன்ன பாவத்துக்கு இரண்டு கம்பனிகள் ஏற்கெனவே போனை வைத்துவிட்டன. இந்த ஓடரும் போனால் கந்தோரை மூடிவிட்டு மச்சான் எடுத்து வைத்திருக்கும் விசாவில் சவூதிக்குப் போகவேண்டியதுதான். அதை நினைத்து ஸும்ரா ஒரு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

முபாரிஸ் பொத்தானை அழுத்தினான். அதே தொலைபேசி மறுபடி அடித்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தடித்த குரலில், “தரப் பிரிவு!” என்றான்.

“நீங்களும் குறிஞ்சிப்பிட்டியிலயா?”

“இல்ல, நாங்க மதுரங்குளியில.”

வாய் முந்திவிட்டது. அடுத்து அவர் விநியோகப் பிரிவைக் கேட்டபோது கீச்சுக் குரலில், “நாங்க கரைத்தீவு,” என்றும் சொல்லிவைத்தான். அந்த நேரம் பார்த்து பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. முஹ்ஸின் மறுபடி தரத்தைக் கேட்டார், பிறகு விற்பனையைக் கேட்டார். எங்கே போனாலும் அதே பாங்கு.

“மூணு ஊருக்கும் ஒரே மோதினாரா?”

“ஓம், அவரும் இப்ப இன்டநெட்டுலதான்,” என்று உளறினான் முபாரிஸ். எதிர்க் கதிரையில் இருந்த ஸும்ரா தலையில் கைவைத்தாள்.

“அப்ப மூணு பேரையும் ஒரே லைன்ல எடுங்க. ஒண்டாக் கதைச்சி முடிப்பம்.”

முபாரிஸ் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பேரானான். வியாழக்கிழமையே நானூறு கிலோவும் தரலாம் என்றது விற்பனை. காயாத கருவாடு ஒன்றுகூட வெளியே போகாது என்றது தரம். விநியோகம் சமாதானம் பேச வந்தது. “நீங்க சும்மா இரிங்க!” என்று தரம் விற்பனையை அதட்ட, விற்பனைக்கு மெய்யாகவே ரோஷம் வந்துவிட்டது. “ஆரப் பாத்து சும்மா இரிக்கச் சொல்றீங்க?” என்று மேசையில் அடித்தான். ஸும்ரா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தது என்று முபாரிஸ் நினைத்தான்.

“சொந்த ஆக்களையே இப்பிடி அதட்டுற தரப் பிரிவ நான் கண்டதில்ல,” என்றார் முஹ்ஸின். “இரிங்க, எங்கட கணக்காளரக் குடுக்கிறன்.”

கணக்காளர் பேசினார். பிறகு டிரெக்டரே பேசினார். மாதம் நானூறு கிலோ, ஒரு வருடத்துக்கு!

முபாரிஸ் துள்ளிய துள்ளலில் கதிரை கவிழ்ந்தது. உடனே மச்சானை அழைத்து, “விசாவ வேற ஆருக்காவது குடுங்க மச்சான்!” என்று கத்தினான். அன்று ஸும்ரா இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து கம்பனி லொறி வந்தது. சாரதி தானே இறங்கி, கருவாட்டை ஒடித்து முகர்ந்து, தானே தராசில் நிறுத்து, தானே பில் எழுதி, தானே மூட்டை ஏற்றினார். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

“மத்த ரெண்டு பிரிவும் இண்டைக்கி லீவு,” என்று முபாரிஸ் முந்திக்கொண்டு சொன்னான். அதற்கும் தலையாட்டினார்.

லொறி கிளம்பும்போது முபாரிஸ் பெருமையோடு யன்னலருகே போனான். “முஹ்ஸின் சேருக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க. கணக்காளருக்கும் டிரெக்டருக்கும் மறக்காமச் சொல்லுங்க.”

சாரதி முதல்முறையாக வாய் திறந்தார்.

“மூணு பேர் சார்புலயும் வஅலைக்குமுஸ்ஸலாம். எங்கட கம்பனியிலயும் ஆள் ஒருத்தன்தான்.”