நடமாடும் துணிக்கொடியின் எம்.டி.

உலகத்திலேயே ஒரு கம்பெனிகூட இல்லாமல் மூன்று கம்பெனிகளுக்கு மேனேஜிங் டைரக்டராக இருந்த ஒரே ஆள், என்னோடு எம்.பி.ஏ. படித்த எம்.டி.தான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

தொழில்முனைவுப் பாடத்தின் முதல் வகுப்பில் எல்லோரையும் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார் மேடம். அவன் எழுந்து போய் விசிட்டிங் கார்டை நீட்டினான். ‘மேனேஜிங் டைரக்டர்’ என்று அச்சடித்திருந்தது. கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

“என்னப்பா, கம்பெனி பேரைக் காணோம்?”

“அதப் பேனாவுல எழுதிக்கிடலாம் மேடம். கம்பெனி மாறும், எம்.டி. மாறமாட்டான்.”

அந்தப் பாடத்துக்கு ஒரு விதி இருந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரு தொழிலை நிஜமாகவே தொடங்கி, செமஸ்டர் முடிவில் வெளியிலிருந்து வரும் நடுவர்களுக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாஸ் இல்லை. எனக்குச் சென்னையில் வேலை உறுதியாகியிருந்தது. பேப்பர் போனால் வேலையும் போகும். இன்னொரு விதி என்னையும் கீழக்கரை ஜமீலாவையும் எம்.டி.யோடு சேர்த்துவிட்டது.

முதல் கம்பெனி, தனுஷ்கோடிக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வெயிலுக்குக் குடை வாடகைக்கு விடுவது. பதினோரு குடைகளோடு போய் இறங்கினோம். காற்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு கடலுக்குள் போனது.

“யா அல்லாஹ், அதுல நாலு எங்க மாமியோட குடை!” என்று ஜமீலா அழ ஆரம்பித்தாள்.

எம்.டி. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். “இலங்கைப் பக்கமாத்தான் போகுது. ரிப்போர்ட்ல ஏற்றுமதின்னு எழுது.”

எழுதினேன். மேடம் சிவப்பு மையால் அடித்தார். எம்.டி. ராஜினாமாக் கடிதம் எழுதித் தன்னிடமே கொடுத்து, வருத்தத்துடன் ஏற்றுக்கொண்டான்.

இரண்டாவது கம்பெனியைப் பற்றி எழுதக் கூடாதென்று ஜமீலா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவதுதான் நடமாடும் துணிக்கொடி. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடியவர்கள் ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள். எம்.டி. அக்காள்மடத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. சித்தப்பாவின் லோடு ஆட்டோவில் கம்பு நட்டுக் கயிறு கட்டி, துணிகளைத் தொங்கவிட்டுப் பாம்பன் வரை ஓட்டி வந்தால், கடல்காற்றில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றான். யோசனை சரிதான். காலையில் அதே வண்டியில்தான் மீன் போகிறது என்பதை மட்டும் அவன் பெரிதாக நினைக்கவில்லை. சோதனை ஓட்டத்துக்கு என் துப்பட்டாவைக் கொடுத்தேன். நன்றாகக் காய்ந்துதான் வந்தது. ஹாஸ்டல் பூனைகள் மூன்று நாள் என் அறை வாசலை விட்டு நகரவில்லை.

“ஃபினாயில் ஊத்திக் கழுவிட்டேன் புள்ள” என்றான். அதற்குப் பிறகு வண்டியில் சீலா மீனும் ஃபினாயிலும் சேர்ந்து மணத்தன.

நடுவர்கள் வரும் நாளன்று, கோட்டும் டையுமாக முதல் வாடிக்கையாளரைப் பிடிக்க ராமேஸ்வரம் போனவன், மூன்று மணியாகியும் வரவில்லை. நடுவர்கள் இருவர். ஒருவர் தொழிலதிபர், மற்றவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேலாளர்.

“எங்கம்மா உங்க எம்.டி.?” என்றார் தொழிலதிபர்.

வீடியோ காலில் அழைத்தேன். வகுப்பறைத் திரையில் முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாள் வந்தார். ஈரச்சேலைக்கு மேல் எம்.டி.யின் கோட்டு. ஜன்னலுக்கு வெளியே பாம்பன் பாலம் ஓடிக்கொண்டிருந்தது. போனை அவரிடம் கொடுத்துவிட்டு எம்.டி. பனியனோடு வண்டி ஓட்டினான்.

“டேய், எங்கன போற?”

“இந்தம்மாவ விட்டுட்டு டூர் பஸ் கெளம்பிருச்சு. மாத்துத்துணியெல்லாம் பஸ்ல. ஈரத்தோட நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. கழுத்து அட்டைல நம்பர் இருந்துச்சு, டிரைவர்கிட்ட பேசிட்டேன். பாலத்தத் தாண்டி உச்சிப்புளில நிக்கிறாக. விட்டுட்டு வாரேன்!”

அந்த அம்மாள் திரையைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். வங்கி மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். பிறகு இருபது நிமிடம் இருவரும் பேசினார்கள். எங்கள் பதினெட்டு ஸ்லைடுகளும் காத்திருந்தன.

“என்ன சார் சொல்றாங்க?” என்றார் மேடம்.

“பையன் மேல ரொம்ப மீன் வாசம். ஆனா நல்ல பையன், நல்லா ஓட்டுறான் சொல்றாங்க.”

வண்டி நின்றது. யாரோ “மா!” என்று கத்திக்கொண்டு ஓடிவரும் சத்தம். அந்த அம்மாள் போனை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினார். திரையில் வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. வங்கி மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு எங்களிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

எம்.டி. பனியனோடு வந்து சேர்ந்தபோது நடுவர்கள் கிளம்பியிருந்தார்கள்.

“கோட்டு எங்கடா?”

“போட்டுக்கிட்டே பஸ்ல ஏறிருச்சு. திருப்பிக் கேக்கத் தோணல.”

எனக்கும் ஜமீலாவுக்கும் பாஸ். அவனுக்கு ஆப்சென்ட். “நேர்ல இருக்கணும்கிறது ரூல்ப்பா” என்றார் மேடம், அவன் முகத்தைப் பார்க்காமல். அடுத்த செமஸ்டரில் தனியாக எழுதித்தான் தேறினான்.

நடுவர்கள் வந்துபோன அந்த வாரமே எங்களுக்கு எழுத்துத் தேர்வு. ‘நல்ல தொழில்முனைவோரின் பண்புகளை விவரி’ என்று பத்து மார்க் கேள்வி. புத்தகத்திலிருந்த ஏழு பண்புகளும் எனக்கு மனப்பாடம். அதை விட்டுவிட்டு, அக்காள்மடத்துக்காரன் ஒருவனைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். பத்துக்கு இரண்டு போட்டிருந்தார்கள்.

மறுமதிப்பீட்டுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. அந்தப் பதிலில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.