ஓகஸ்ட் லீவுக்கு அருந்ததியை அனுப்ப முடியாத காரணங்கள்

உரும்பிராய்,
1992 ஆடிக் கடைசி.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் செல்வநாயகம் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை பூரணமும் எங்கள் மகள் அருந்ததியும், குண்டுவீச்சு விமானம் வராத வேளைகளில், நலமாக இருக்கிறோம். அச்சுவேலியில் நீங்களும் மச்சாளும் உங்கள் முந்திரிகைக் கொடிப் பந்தலும் எந்த வேளையிலும் நலமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

அது நிற்க. "பிள்ளை படிச்சுப் படிச்சு ஈர்க்கு மாதிரிப் போனாளாம். ஓகஸ்ட் லீவுக்கு இஞ்சை அனுப்பி விடுங்கோ, ரண்டு கிழமை முந்திரிகைப் பந்தலுக்குக் கீழை கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கட்டும்" என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அன்புக்கு நன்றி. ஆனால் அடுத்த வருடம் ஓகஸ்டில் அவளுக்கு உயர்தரச் சோதனை. வைத்தியபீடத்துக்கு எங்கள் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் முட்டி மோதுகிறார்கள் என்பதும், வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருடமும் எப்படி ஏறுகிறது என்பதும் நீங்கள் அறியாததல்ல. இந்த நிலையில் ஒரு பிள்ளை சும்மா இருப்பது பாரதூரமான விடயம். ஆகவே அவளை அனுப்ப முடியாமைக்கு வருந்துகிறேன். காரணங்களைக் கீழே விபரமாக எழுதுகிறேன்.

ரயில் நின்று இரண்டு வருடமாகிறது. என்னுடைய ஸ்ரேசனின் தண்டவாளங்கள் இப்போது பலருடைய பங்கர்களுக்குக் கூரையாக இருக்கின்றன. ஸ்ரேசன் மாஸ்டரான என்னிடம் மிஞ்சியவை ஒரு விசிலும் ஒரு சிவப்புக் கொடியும் ஒரு பச்சைக் கொடியும்தான். அருந்ததி உயர்தர வகுப்பு ஏறியதும் இவை வீணாகக் கிடக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். அவளுக்கு ஒரு நேரசூசி தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். தாவரவியல் முடிந்து இரசாயனவியல் தொடங்க வேண்டுமானால் விசில். கிணற்றடிக்குப் போகலாமென்றால் பச்சைக் கொடி. வாசல் படலையடியில் யாராவது கதைக்க வந்து நின்றால் சிவப்புக் கொடி. இந்த ஒழுங்கு நல்ல முறையில் நடந்துகொண்டிருந்தபோது உங்கள் தங்கை, "ரயில் ஓடேக்கை ஒருநாளாவது நேரத்துக்கு வந்ததோ? இப்ப பிள்ளையைப் போட்டு விரட்டுறியள்" என்றாள். கடமையில் இருக்கும்போது நான் அப்படியான பேச்சுகளுக்குப் பதில் சொல்வதில்லை.

ஆனால் பூரணமும் சும்மா இருந்தவளல்ல. ஞாபகசக்திக்கு வல்லாரை நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று முதல் வல்லாரைச் சம்பல், வல்லாரைத் துவையல், தோசைக்குள்ளும் வல்லாரை. சமையல் எல்லாருக்கும் ஒன்றுதானே, நானும் சாப்பிட்டேன். பிள்ளைக்கு என்ன நடந்ததோ தெரியாது, எனக்கு ஞாபகசக்தி கூடிவிட்டது. நாங்கள் கலியாணம் கட்டின புதிதில் பூரணம் என்னைப் பற்றி உங்களிடம் சொன்ன முறைப்பாடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றை அன்றன்று சாப்பிடும்போது சொல்லியும் காட்டினேன். அதன்பின் என்னுடைய சாப்பாட்டில் வல்லாரை வைக்கப்படுவதில்லை.

பக்கத்து வளவில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருக்கும் லூர்த்தம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், இலை குழையைக் குடுத்தால் பிள்ளை ஆடு மாதிரித்தான் வரும். எங்கடை பிள்ளையளுக்குத் தலை இருக்கிறதே மீன்தலை திண்டுதான்" என்றா. பூரணம் சோதனை முடியும்வரை வீட்டில் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை என்று நேர்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் வேலியடியில் நின்று கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மீன்தலை லூர்த்தம்மா வீட்டில் சமைக்கப்படும், அருந்ததி அங்கே போய்ச் சாப்பிடுவாள், பூரணம் பார்க்க மாட்டாள். ஒரு மீன்தலை சாப்பிட எவ்வளவு நேரம் செல்லும் என்று நான் போட்டிருந்த கணக்கு முதல் நாளே பிழைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்புக்கு நேரசூசியில் இடம் ஒதுக்கவில்லை. எனினும் அதை மீன்தலைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

அடுத்தது வெளிச்சம். மண்ணெண்ணெய் மருந்து மாதிரிக் கிடைக்கிற காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தால் பிள்ளையின் மூக்குத் துவாரம் புகைபோக்கியாகிறது. ஆகவே என்னுடைய சைக்கிளை விறாந்தையில் ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின் ரயரில் பொருத்தி, வயர் இழுத்து அவளுடைய மேசைக்கு மேலே பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டேன். பொழுதுபட்டதும் நான் ஏறியிருந்து பெடலை உழக்குவேன். உழக்கினால் விலங்கியல், நிறுத்தினால் இருட்டு. அவள் நித்திரையாகவில்லை என்பது எனக்குத் தெரிய வேண்டுமே, அதனால் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். இப்படியாக, இருந்த இடத்திலிருந்து அசையாமல், நானும் உயர்தரப் பாடத்திட்டத்தில் கணிசமான தூரம் போய்விட்டேன். மண்புழுவின் சமிபாட்டுத் தொகுதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போன கிழமை சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போய், அது காய்கறியல்ல, தாவரவியல்படி ஒரு கனி என்று விற்கிறவருக்கு விளக்கி, அவர் கோபித்துத் தர மறுத்ததால் வெறும் பையோடு திரும்பினேன்.

விமானம் வந்தால் பங்கருக்குள் இறங்குகிறோம். அருந்ததி ஒரு புத்தகத்தையும் கொண்டு இறங்குவாள். அங்கே நான் விசில் ஊதுவதில்லை, ஊதினால் அயற்சனம் வேறு அர்த்தம் எடுத்து ஓடும். பங்கருக்குள் படித்த பாடங்கள்தான் நன்றாக மனதில் நிற்கின்றன என்று அவள் ஒருமுறை சொன்னாள். மண்ணின் குளிர்ச்சி காரணமாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

இனி நடந்த விபத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை அவள் தனி வகுப்புக்குப் போகிற ரியூட்டரி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் மாதிரிச் சோதனை வைத்தது. அதே நேரம் பின்னால் மைதானத்தில் பொடியன்களின் பந்தடி. மத்தியஸ்தரிடம் விசில் இருந்திருக்கிறது. பிள்ளை வெயிலுக்குள்ளால் சைக்கிளில் வந்து இறங்கியதும் கேட்டேன்.

"எப்பிடிப் பிள்ளை?"

"எல்லாக் கேள்வியும் தொடங்கினனான் அப்பா."

"முடிச்சனியோ?"

"இல்லை. பின்னாலை பந்தடியிலை ஒவ்வொருக்கா விசில் ஊதேக்கையும் என்ரை கை தன்ரை பாட்டிலை அடுத்த கேள்விக்குப் போட்டுது."

இதை அவள் அழாமல், நாளைக்கு என்ன கறி என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். பூரணம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பிள்ளை குனிந்து தண்ணீர்ச் செம்பை எடுக்கும்போது வகிடு அகன்றிருப்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள். என் கழுத்திலிருந்த விசிலை இழுத்துக் கழற்றினாள். "உவளின்ரை தலைமயிர் சீப்போடை கொத்துக் கொத்தாய் வருகுது, கண்டனீங்களோ?" என்று கேட்டாள். இலையுதிர்வு சில தாவரங்களுக்கு இயல்பானது என்றேன். வீட்டில் யாரும் அதை ரசிக்கவில்லை.

மாதிரிச் சோதனைப் பெறுபேறு நீங்கள் ஊகிக்கக்கூடியதே. ஆகவே ஓகஸ்ட் விடுமுறையில் இரட்டிப்பு வேகம் அவசியமாகிறது. விசிலுக்குப் பதிலாகச் சாமியறை மணியைப் பாவிப்பதென்றும், அதிகாலையில் பங்கருக்குள் பௌதிகவியல் என்றும் புதிய நேரசூசி தயாராகிவிட்டது. அதில் அச்சுவேலிக்கு ஒரு கட்டமும் மிச்சமில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன். முந்திரிகைப் பழம் அனுப்புவதானால் விதையில்லாததாக அனுப்பவும். அவள் விதை துப்புகிற நேரமும் மிச்சம்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் கிணறு வற்றாமலும் பந்தல் சரியாமலும் இருக்கப் பிள்ளையார் துணை நிற்பார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன்,
சண்முகநாதன்

பி.கு: மேலே உள்ளதை உறையில் இட்டு ஒட்டுவதற்கு முன் பூரணம் வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உவள் பொழுதுபட முந்தியே எல்லாம் படிச்சு முடிக்கிறவள்."

"அப்ப ஏன் பல்புக்குக் கீழை இருந்து வாசிக்கிறாள்?"

"ரயில் நிண்ட நாளிலை இருந்து நீங்கள் விடிய விடிய முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தனீங்கள். சைக்கிள் உழக்கத் துவங்கின பிறகுதான் படுத்த உடனை நித்திரை கொள்ளுறியள். 'அப்பா உழக்கட்டும் அம்மா, நான் இருந்து வாசிக்கிறன்' எண்டு அவள்தான் சொன்னவள்."

அருந்ததியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஓம் அப்பா" என்றாள். "படிச்சதைத்தான் திருப்பி வாசிச்சனான். நட்டமில்லை."

"அப்ப உனக்கு எப்ப நித்திரை?"

அவள் தாயைப் பார்த்தாள்.

நான் போய்ச் சைக்கிளில் ஏறியிருந்தேன். உழக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, ஸ்ராண்டை எடுத்து, டைனமோ வயரைக் கழற்றி, இரண்டு ரயருக்கும் காற்று அடித்தேன்.

ஆகவே மேலே கூறிய காரணங்கள் யாவும் ரத்துச் செய்யப்படுகின்றன. இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் கையில் தந்தவள் அருந்ததியேதான். புத்தகம் ஒன்றும் கொண்டுவரவில்லை, நான் பையைப் பார்த்துவிட்டேன். விடிந்தாலும் எழுப்ப வேண்டாம். சோதனை பற்றி மச்சாளும் கேட்க வேண்டாம்.

தனியே அனுப்ப மனம் வராததால் கூடவே வந்தேன். படலைக்கு வெளியே ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சைக்கிளில் நிற்பவன் நான்தான். பிள்ளையை விட்டவுடன் திரும்பிவிட வேண்டுமென்பது பூரணத்தின் கட்டளை. தயவுசெய்து என்னை உள்ளே வரச் சொல்ல வேண்டாம். சொன்னால் இரண்டு கிழமையும் நின்றுவிடுவேன்.