லிஃப்ட் கம்பெனியோடு பேசிய குரல்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. அங்கே நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சௌக்கியம், என் தொண்டை ஒன்றைத் தவிர. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாகிறது, இனிப் பேச்சு வராது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். எழுத்தை அடித்தால் பேசுகிற செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தாயே, அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நன்றிக்கு முன்னால் கொஞ்சம் குறை இருக்கிறது, பொறுத்துக்கொள்.

முதலில் நீ வைத்துக் கொடுத்தது செய்தி வாசிப்பவர் குரல். "காப்பி ஆறிப்போச்சு" என்று அடித்தால், எங்கேயோ அணை உடைந்த செய்தியைச் சொல்வது போல அத்தனை நிதானமாகச் சொன்னது. உன் அக்கா எழுந்து நின்று, வாய் தவறி "சரிங்க சார்" என்றாள். முப்பத்தொரு வருஷமாக என்னோடு மல்லுக்கு நின்றவள் மூன்று வாரம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஏன் சண்டையே போட மாட்டேங்கற?" என்று அடித்துக் கேட்டேன். "யாரோ வெளியாளு பேசற மாதிரி இருக்கு. வெளியாளுகிட்ட எப்படிங்க சண்டை போடறது?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அதன் பிறகுதான், நம் ஊர் இழுவையோடு என் குரலிலேயே அதைப் பேசவைக்க முடியுமா என்று உன்னைக் கேட்டேன்.

நீ பழைய பேச்சுப் பதிவு ஒரு மணி நேரத்துக்காவது வேண்டும் என்றாய். கல்யாண வீடியோவில் நான் வாயே திறக்கவில்லை. மற்றவற்றில் கேமரா பிடித்தவன் நான், "தள்ளி நில்லு" என்பதோடு சரி. கடைசியில் என் போனிலேயே கிடைத்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஆறு வருஷமும் நான் லிஃப்ட் கம்பெனியோடு பேசிய இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளை அது தானாகவே பதிவு செய்து வைத்திருந்தது. அள்ளி அனுப்பினேன், நீயும் அதை வைத்தே குரலைத் தயார் செய்தாய்.

போன வாரம் வந்து சேர்ந்தது. நானேதான் மாப்பிள்ளை, இழுவை அப்படியே இருக்கிறது, மூச்சு வாங்குகிற இடம்கூட. ஆனால் அதற்குத் தெரிந்த ஒரே குணம், லிஃப்ட் நின்றுபோன அன்றைக்கு எனக்கு இருந்த குணம். "தண்ணி குடு" என்று அடித்தால், நாலாவது மாடியில் மூன்று பேர் மாட்டிக்கொண்ட மாதிரி கத்துகிறது. மருந்துக் கடைக்காரர் நான் சீட்டை நீட்டுவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டார். பேத்தியைப் போனில் கூப்பிட்டு "நல்லா இரு கண்ணு" என்றேன், குழந்தை போனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். நேற்று உன் அக்காவிடம் "சாப்ட்டியா?" என்று கேட்டேன். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்போகிறவன் கேட்பது போல இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இயந்திரத்தின் மேல் தப்பே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேச்சில் ஒன்றுகூட அவளோடு பேசியது கிடையாது. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு யார் போன் போடுவார்கள்? அவளிடம் தணிந்து பேசியதும் உண்டு, சத்தியமாக உண்டு. ஆனால் அது எங்கேயும் பதிவாகவில்லை, இனி நான் பேசிக் காட்டவும் முடியாது. அவளுக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ஆகவே இந்தக் கோபக்காரனை எடுத்துவிட்டு, செய்தி வாசிப்பவரையே திரும்பப் போட்டுவிடு. மரியாதையாவது மிஞ்சும்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவளுக்கு ஆசீர்வாதம். நீ நேரத்துக்குத் தூங்கு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: பிழை பார்க்கலாமென்று, போனில் அடித்த இந்தக் கடிதத்தை அந்தக் குரலிலேயே வாசிக்கவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த உன் அக்கா வந்து நின்று முழுவதையும் கேட்டாள். "எதுக்கு இப்படிக் கத்தறீங்க, எனக்கென்ன காது செவிடா? என் தம்பிக்கு எழுதத் தெரியுது, என்கிட்டச் சொல்ல என்ன கேடு?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விளாசினாள். பதில் அடிக்கக்கூட விடவில்லை. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "நீங்க தணிஞ்சு பேசறது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். கத்தறதைத்தான் இத்தனை நாளாக் காணோம்னு இருந்தேன்." ஆகவே மேலே எழுதியதைப் படிக்காதே, குரலில் எதையும் மாற்றாதே.