நிப்பாட்டக் கூடாத லொறி

கொழும்பில் ஒரு கராஜில் இரண்டு வருடம் வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்பும் இளைஞனின் கையில் யாரும் ஸ்பனரைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் அப்படித் திரும்பி வந்து, அக்காவின் குடும்பத்தை நடுத்தெருவில், அதுவும் கண்டி வீதியின் நட்டநடுவில், கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான். அந்தக் கராஜில் நான் செய்ததெல்லாம் பெரும்பாலும் நட்டுக் கழுவுவதும் தேநீர் வாங்கி வருவதும். (இதை அக்காவிடம் இன்றுவரை சொன்னதில்லை. வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.)

அக்காவின் கணவர், நடராசா அத்தான், வடமராட்சியிலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேற்றக் காணி பெற்றவர். நெல்லில் மிஞ்சியதையெல்லாம் போட்டுப் பழைய டீசல் லொறி ஒன்று வாங்கியிருந்தார். அது யானை மாதிரி இழுக்கும், யானை மாதிரியே குடிக்கும். அதன் பின்னால் சைக்கிளில் போகிறவர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குளிக்க வேண்டும், அவ்வளவு கரும்புகை.

அந்த வருடம் முல்லைத்தீவு நெல் வியாபாரி காதர் முதலாளி, போகம் முழுவதும் தன் நெல்லை வவுனியா ஆலைக்கு ஏற்றுகிற வேலையை அத்தானுக்குத் தரத் தயாராக இருந்தார். ஆனால் கூலியைக் குறைக்கச் சொன்னார். லொறி குடிக்கிற குடிக்கு அத்தானால் குறைக்க முடியாது. அந்த வேலை கிடைக்காவிட்டால் லொறியை விற்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. காலையில் சாமிப்படத்துக்கு வைத்த பூவில் ஒன்றை எடுத்துவந்து லொறிக்கும் வைப்பவள் என் அக்கா. அவள் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“அத்தான், உந்தப் புகை என்னெண்டு நினைக்கிறியள்? அவ்வளவும் எரியாத டீசல்!”

“அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?”

“இஞ்சினைக் கழட்டோணும்.”

“கழட்டினாப் பூட்டத் தெரியுமோ?”

“என்ன கேள்வி அத்தான் இது?” என்றேன் மனம் புண்பட்டவனாக. (மிகச் சரியான கேள்வி அது. அன்று முழு வீட்டிலும் புத்தியோடு பேசிய ஒரே வார்த்தை.)

டீசலைத் தூவுகிற பழைய நொசில்களைக் கழற்றிப் புதியவை போட்டேன். பிஸ்டன் வளையங்களை மாற்றினேன். கராஜில் பெரிய மெக்கானிக் செய்ததைத் தூரத்திலிருந்து பார்த்த ஞாபகத்தில் இவ்வளவும் ஒப்பேறிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல பெயரோடு செத்துப்போகலாம். என் சொந்த மூளையும் கொஞ்சம் வேலை செய்தது. இஞ்சின் தலைமூடிக்கு அடியில் இருந்த தடித்த காஸ்கெட்டை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்றை வைத்தேன். உள்ளே அமுக்கம் கூடும், அமுக்கம் கூடினால் டீசல் ஒரு சொட்டும் வீணாகாமல் எரியும் என்பது என் கணக்கு.

வெட்கக்கேடு என்னவென்றால், கணக்குச் சரியாக வந்தது. புகை நின்றது. ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து அத்தான் டீசல் தாங்கிக்குள் தடியை விட்டு அளந்து பார்த்தார், நம்பாமல் இன்னொருமுறை விட்டுப் பார்த்தார், பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார். அக்கா அன்று இரண்டாம்முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். எனக்கு முட்டைப் பொரியல்.

அமுக்கம் கூடினால் இஞ்சினை முதலில் சுழற்றுவதும் கடினமாகும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. பழைய பற்றரி முதல்நாள் எப்படியோ சமாளித்தது, அதற்குமேல் அதற்குச் சக்தி இல்லை. மறுநாள் ஸ்டாட்டரை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம், அவ்வளவுதான். இதை அத்தானிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் முட்டைப் பொரியல் சாப்பிட்டவனால் எப்படிச் சொல்ல முடியும்? தட்டையான எங்கள் வன்னியில் ஒரு வாகனம் தானாக உருளச் சரிவு வேண்டுமென்றால் குளக்கட்டுத்தான். தினமும் லொறியைக் கொண்டுபோய்க் குளக்கட்டுச் சரிவில் நிறுத்தினேன். காலையில் உருட்டிவிட்டு ஸ்டாட் பண்ணினேன்.

“ஏன்டாப்பா அங்கை கொண்டுபோய் விடுறாய்?” என்று அத்தான் கேட்டார்.

“குளத்துக் காத்து இஞ்சினுக்கு நல்லது அத்தான்.”

பாவம், நம்பினார்.

சோதனை நாள் வந்தது. காதர் முதலாளியே கூடவந்து டீசல் செலவைப் பார்த்துவிட்டு வேலையைத் தருவதாக ஏற்பாடு. லொறி நிறைய நெல்மூட்டை. அத்தான் ஓட்டினார், நடுவில் முதலாளி, ஓரத்தில் நான். இஞ்சின் நாதஸ்வரம் போலப் பாடியது. வவுனியாவரை நிறுத்தாமல் போய்விட்டால் நான் ராசா.

ஆனால் வழியில் முறிகண்டி இருந்தது. கண்டி வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போவதில்லை. இஞ்சினை நிறுத்தி, இறங்கி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. (இதை எப்படி மறந்தேன் என்று கேட்காதீர்கள். நான் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தவன்.)

“அத்தான், நிப்பாட்டாதேங்கோ!” என்று கத்தினேன். “நிப்பாட்டி எடுத்தா டீசல் கூடப்போகும்!”

“பிள்ளையாருக்கு முன்னாலயும் டீசல் கணக்கோ?”

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, நான் அஞ்சு நேரம் தொழுகிறவன். நானே இதிலை நிப்பாட்டாமப் போனதில்லை.”

அத்தான் இஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

தேங்காய் அழகாக இரண்டாக உடைந்தது. லொறி ‘டிக்’ என்றது. இன்னொரு ‘டிக்’. பிறகு அதுவும் இல்லை. அத்தான் என் முகத்தைப் பார்த்தார். குளத்துக் காற்றின் பலனை அந்த நொடியில் அவர் விளங்கிக்கொண்டார்.

நெல்லோடு அந்த லொறியைத் தள்ளவே முடியாது. நல்லகாலம், ஒரு பஸ் வந்து நின்றது. கும்பிட இறங்கிய சனம் முழுவதும் மூட்டை இறக்கியது. சரிகைக்கரை வேட்டி கட்டி யாரோ வீட்டுக் கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கூட இறக்கினார். நான் பின்னால் நின்று தள்ளினேன், என் இரண்டு பக்கமும் நின்றவர்கள் தள்ளிக்கொண்டே என்னைத் திட்டினார்கள். அத்தான் மட்டும் ஓட்டுகிற இருக்கையிலிருந்து, “பிள்ளையாரே, ஸ்டாட் ஆக்கிவிடு, இன்னொரு தேங்காய் உடைக்கிறன்!” என்று வீதி முழுக்கக் கேட்கக் கத்தினார்.

லொறி உறுமிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பக் கொண்டுவந்து கோயிலடியில் விட்டு, இறக்கிய மூட்டைகளையெல்லாம் ஏற்றி முடிக்கும்வரை இஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. நான் மிச்சம் பிடித்த டீசல் எல்லாம் நின்ற இடத்திலேயே புகைந்துகொண்டிருந்தது. பஸ்ஸும் போய்விட்டது.

அத்தான் ஒரு தேங்காயோடு வந்தார். நேரே ஏறி இஞ்சினை நிறுத்தப் போனார்.

நான் காலில் விழாத குறை. “அத்தான், உங்களுக்குத் தெரியுந்தானே! நிப்பாட்டினா எடுக்காது. ஓட விட்டிட்டு உடையுங்கோ!”

“எனக்குத் தெரியும்,” என்றார் அத்தான். “இஞ்சினை உறும விட்டிட்டு அவசரத்திலை எறிஞ்சிட்டுப் போறதுக்கு இது என்ன கடன்காசோ? பிள்ளையாருக்குச் சொன்னனான், ஒழுங்காக் குடுக்கோணும்.”

நிறுத்தினார். உடைத்தார். வந்து ஏறினார். ‘டிக்’ என்ற சத்தம்கூடக் கேட்கவில்லை.

முதலாளி ஒரு மூட்டையில் போய் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே அழுதேன். அக்காவிடம் எந்த முகத்தோடு போவது? கடைசியில் முதிரை மரக்குற்றிகள் ஏற்றிய லொறி ஒன்று பிள்ளையாரைக் கும்பிட வந்தது. அவர்கள் மரம் கட்டுகிற சங்கிலியால் எங்களை இழுத்து ஸ்டாட் பண்ணிவிட்டார்கள்.

வவுனியா ஆலை முற்றத்தில் அத்தான் இஞ்சினை ஓடவிட்டுத் தாங்கிக்குள் தடியை விட்டார். வழக்கத்தைவிடக் கூடவே குடித்திருந்தது. தடியை முதலாளியிடம் நீட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

முதலாளி தடியை வாங்கி என்னிடம் தந்தார். “நடராசா, இஞ்சினை நிப்பாட்டும், இஞ்சை தள்ள ஆள் இருக்கு. ஒரு தேங்காய்க்குச் சொன்ன சொல்லுக்காக லொறியையே நடுறோட்டிலை விட்ட மனுசன் நீர். உம்மட லொறியிலை என்ர நெல்லை ஏத்திப்போட்டு நான் பயமில்லாமல் நித்திரை கொள்ளுவன். கூலியைக் குறைக்க வேண்டாம். ஆனா இந்தத் தம்பி இனி இஞ்சினைத் தொடக்கூடாது.”

லொறி பிழைத்தது. போகம் முழுக்க ஓடியது, திரும்பப் பூட்டிய தடித்த காஸ்கெட்டோடும் பழைய கரும்புகையோடும்.

அத்தான் இப்போது இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்து வாகனம் எதுவும் இன்றைக்கும் முறிகண்டியில் இரண்டு தேங்காய் உடைக்காமல் புறப்படாது. கும்பிட்டு முடிந்ததும் எல்லோரும் ஏறுவார்கள், என்னைத் தவிர. நான் பின்னால் போய், இரண்டு கையையும் வாகனத்தில் ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும். முழங்கால் வலிக்கிறதென்று சொன்னாலும் எடுபடாது. அக்காவின் மகன் சாவியைப் பிடித்தபடி காத்திருப்பான். முன்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வரும்.

“தம்பி, கை வைச்சிட்டியோ?”

“வைச்சிட்டன் அக்கா.”

அதற்குப் பிறகுதான் அவன் சாவியைத் திருப்புவான்.