நீர்கண்டியின் அக்கா

இடிச்சத்தம் கேட்டதும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெற்ற மகளின் கல்யாண மண்டபத்தைவிட்டே ஓடிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பெங்களூரில் எங்கள் நீர்கண்டிதான். கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கப்போகும் நேரம், வானம் ஒரு தடவை உறுமியது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆள் பறந்துவிட்டார். தாங்கள் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று பதறிப்போய் சம்பந்தி வீட்டாரும் பின்னாலேயே ஓடினார்கள். எல்லாரும் போய் நின்ற இடம் ஏரி மதகு.

நீர்கண்டி என்பது பெயரல்ல, வேலை. மதகைத் திறந்து மூடி, கால்வாயைக் கவனித்து, தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற பரம்பரை வேலை. ஓசூர் ரோட்டுப் பக்கத்திலிருந்த அந்த ஏரியை வெட்டியதே அவர்கள் சனம்தான். தொண்ணூறுகளில் நான் பொம்மசந்திராவில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே குடியிருந்தபோது, வயலெல்லாம் வீடாகியிருந்தது. தண்ணீர் கேட்க ஆளில்லை. அதற்காக டியூட்டியை விடுவாரா மனிதர்?

ஏரியை அவர் ‘அக்கா’ என்றுதான் சொல்வார். கரையில் யாராவது ஹாரன் அடித்தால், “அக்கா இப்பதான் கண்ணசந்தாங்க, கொஞ்சம் சும்மா போறியா?” என்று சண்டைக்குப் போவார்.

ஒருநாள் எங்கள் வீட்டு ஓனர் ஒரு கிழிந்த மெத்தையை ஏரியில் வீசிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், நனைந்த மெத்தை அவர்மேலேயே சாய்ந்தது. பின்னால் நீர்கண்டி.

“ஓனரே, உங்க சாமான் எங்க அக்கா வீட்டுக்கு வந்துடுச்சு. பத்திரமா கொண்டாந்துட்டேன்.”

“யோவ், உனக்குப் புத்தி கித்தி இருக்காய்யா?”

“இருக்கு ஓனரே. மெத்தைய எங்க போடறதுன்னும் தெரியும்.”

அப்படிப்பட்டவர் தலையில்தான் இடி விழுந்தது. வருஷக்கணக்காக நிறையாத ஏரி எதற்கு, மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டு கட்டலாம் என்று முடிவாகிவிட்டது. அடிக்கல் நாட்ட எம்.எல்.ஏ. வருகிறார் என்று கரையெல்லாம் பேனர். ஏரி நிறையாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். மழைத்தண்ணீர் வரும் கால்வாயை லேஅவுட்காரர்கள் மண்ணும் செங்கல்லும் கொட்டி அடைத்திருந்தார்கள்.

நீர்கண்டி மனு எதுவும் போடவில்லை. தமட்டைப் பறையைத் தூக்கிக்கொண்டு தன் சனத்தின் தெருவெல்லாம் அடித்தார். கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள், கார்மெண்ட்ஸுக்குப் போகிற பெண்கள், அத்தனை பேரும் ஞாயிறுதோறும் மண்வெட்டியும் கூடையுமாக வந்து கால்வாயைத் தோண்டினார்கள். வேடிக்கை பார்க்கப்போன என் கையிலும் ஒரு மண்வெட்டி ஏறியது. “சார், மண்ண வெட்டச் சொன்னா தடவிக் குடுக்கிறீங்களே!” என்று அவர் கத்தியதும், பெண்களெல்லாம் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு லோடு மண் கூடுதலாகவே வெட்டினேன்.

அடிக்கல் நாட்டும் வாரம் மழை பிடித்துக்கொண்டது. என்ன மழை! விழா அன்று காலை ஏரி நிறைந்து, அங்கே கோடி என்று சொல்லும் கலிங்கில் தண்ணீர் திமுதிமுவென்று வழிந்தது. பந்தலுக்குள் முழங்கால் தண்ணீர். எம்.எல்.ஏ. கரையிலேயே இறங்கினார்.

ஏரி நிறைந்து கோடி விழுந்தால் தண்ணீர்த் தெய்வம் கங்கம்மாவுக்குப் பாகினம் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். முறத்தில் புடவை, வளையல், மஞ்சள் குங்குமம் வைத்துத் தண்ணீரில் விடுவார்கள். பிறந்தவீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் அது. நீர்கண்டியின் மனைவி முனியம்மா முறத்தை நீட்டினாள். எதிரே கேமரா. எம்.எல்.ஏ. பக்தியோடு வாங்கித் தண்ணீரில் விட்டார்.

அவ்வளவுதான், மைக்கைப் பிடுங்கினார் நீர்கண்டி.

“எல்லாரும் பாத்துக்கங்க! அண்ணன் எங்க அக்காவுக்குத் தாய்வீட்டுச் சீர் குடுத்துட்டாரு! இனிமே இவரு கூடப்பொறந்தவரு! கூடப்பொறந்தவ வூட்டுல எந்த அண்ணனாவது மண்ணள்ளிப் போடுவானா?”

பெண்கள் குலவையிட்டார்கள். எம்.எல்.ஏ. அடிக்கல்லைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், கூட்டத்தில் இருந்த ஓட்டுகளையும் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, “என் தங்கச்சி வீட்டை எவன் தொட்டாலும் சும்மா விடமாட்டேன்!” என்று முழங்கினார். பஸ் ஸ்டாண்டு வேறு இடத்துக்குப் போனது. அடிக்கல்லை மதகுக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பீடி பிடித்தார் நீர்கண்டி.

அன்று கோடித் தண்ணீரில் நாங்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! என் செருப்பில் ஒன்று அடித்துக்கொண்டே போய்விட்டது. மற்றொன்றை நானே ஏரிக்குள் வீசியெறிந்தேன்.

கொஞ்ச காலத்தில் நான் அல்சூருக்கு வீடு மாறினேன். ஒரு கோடைகாலத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், வேர்க்க விறுவிறுக்க நீர்கண்டி. எங்கெங்கே விசாரித்து, எத்தனை பஸ் ஏறி வந்தாரோ! கையில் சேறு காய்ந்த ஒற்றைச் செருப்பு.

“சார், உங்க சாமான் எங்க அக்கா வீட்டுல இருந்துச்சு.”

வார் அறுந்த செருப்புதான். அதற்குப் பிறகு நான்கு வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் லாரியில் ஏற்றாமல், அதை என் கையிலேயே எடுத்துக்கொண்டு போகிறேன்.