புலியும் தூங்குமூஞ்சி நரியும்

சர்வரில் இடமில்லை என்று கறுப்புத் திரை சொன்னதும் புலி சிரித்தார்.

கட்டளை தட்டி சர்வரை ஆட்டிவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். 'புலி' என்ற பட்டத்தைப் பரப்பியதும் அவர்தான். மதியம் கிளையன்ட் வருகிறார். புலி எழுதிய மென்பொருள் பிடித்துப்போனால் டீம் லீடர் நாற்காலி அவருக்குத்தான் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"என்ன சார், பிரச்சனையா?" என்றார் பக்கத்து மேஜைக் கணக்கர்.

"எவனோ ஒரு புரோகிராமைக் கன்டெய்னர்ல அடைச்சு ஓடவிட்டிருக்கான். இடத்தையெல்லாம் அது தின்னுடுச்சு. என் டெமோவை ஏத்த முடியல. பேரைப் பாருங்க, தூங்குமூஞ்சி நரி!"

பெயர் வைக்காமல் ஓடவிட்டால் சர்வரே வாய்க்கு வந்த பெயரைச் சூட்டிவிடும்.

"யாருதுன்னு கேட்டுட்டு நிறுத்தலாமே?"

"பேரு வைக்கக்கூடத் தெரியாதவன்கிட்டப் போய் நான் கேக்கணுமா?"

புலி போனை அணைத்து டிராயரில் போட்டார். ஒரு வரி தட்டினார். நரி நின்றது. காபி எடுத்துக்கொண்டு வருவதற்குள் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது.

"அட, உசிரு வந்துடுச்சே!" கணக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புலிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கன்டெய்னரையே அழித்தார். உடனே அதே இமேஜிலிருந்து 'கோபக்கார ஆமை' என்று இன்னொன்று முளைத்தது. இமேஜின் பெயரோ வெறும் 'புதுசு'.

"இமேஜ்னா என்ன சார்?"

"அச்சு மாதிரி. அது இருக்கிறவரைக்கும் கன்டெய்னரை வார்த்துக்கிட்டே இருப்பான். அச்சையே உடைச்சிட்டா?"

ஆமையோடு சேர்த்து உடைத்தார். அந்த வேகத்தில், ஓடாத இமேஜ்களையெல்லாம் துடைத்தெறியும் கட்டளையையும் தட்டிவிட்டார்.

"இப்ப என்ன சார் போச்சு?"

"என்னுது," என்றார் புலி.

வியர்க்க விறுவிறுக்கத் தன் இமேஜைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். பாதி கட்டுவதற்குள் எதிராளி எங்கிருந்தோ 'புதுசு'வைக் கொண்டுவந்து மறுபடி ஓடவிட்டுவிட்டான். புலி பல்லைக் கடித்தார். அதையும் அழித்துவிட்டு, சர்வரின் பாஸ்வேர்டையே மாற்றினார்.

"இனி எப்படி வர்றான்னு பாக்கிறேன்!"

வரவில்லை. டெமோ ஏறி ஜம்மென்று ஓடியது. புலி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மீட்டிங் அறைக்குள் நுழைந்தார்.

கிளையன்ட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் தலையில் கை வைத்திருந்தார். சுவரிலிருந்த பெரிய திரையில் ஒன்றுமே இல்லை.

"சார், ஆரம்பிக்கலாமா?" என்றார் புலி, நெஞ்சை நிமிர்த்தி.

மூலையிலிருந்து, புலியின் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அம்மா பரிதாபமாக எழுந்தார். "கிளையன்ட் சீக்கிரமே வந்துட்டாரு, உங்க போனும் கிடைக்கல, அதான் உங்க டெமோவை நானே ஓட்டிக் காட்டினேன் சார், எவனோ ஒரு படுபாவி அதை நிறுத்தி நிறுத்தி, கடைசியில பாஸ்வேர்டையும் மாத்திட்டான், அவனைக் கண்டுபிடிக்க நீங்கதான் சரியான ஆளுன்னு மேனேஜர் இப்பத்தான் சொன்னாரு."