எட்டு மணி வண்டி

சைக்கிளின் பின் சக்கரத்தில் காற்று இறங்கும் சத்தம் ஹமீது சுல்தானுக்கு இப்போதெல்லாம் தூக்கத்தில்கூடக் கேட்கிறது. உப்பாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கணுக்கால் புதைய மணலில் நின்றுகொண்டு, அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்து அவனைச் சைக்கிளோடு மணலில் இறக்கிவிட்ட பஸ் பாலத்தில் ஏறி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

அந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். திருப்பாலைக்குடியிலிருந்து டவுனுக்கு எட்டு மைல். ஐம்பத்தெட்டாம் வருஷம் அதற்குத் தார் போட்டார்கள். போட்ட புண்ணியவான் ஒரு பஸ்ஸின் அகலத்தை அளந்து அவ்வளவுக்குத்தான் போட்டான். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தால் சைக்கிள்காரன் மரியாதையாக மணலில் இறங்கிவிட வேண்டும். மணலில் உடைமரத்து முள் காத்துக் கிடக்கும். பஞ்சர் ஒட்டுகிற கடையோ டவுனில்தான் இருந்தது.

ஹமீது சுல்தான் டவுனில் பத்திர ஆபீஸ் குமாஸ்தா. இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த மாதம் வந்திருந்த புது சப்ரிஜிஸ்திரார் அருளானந்தம், மேஜையில் மூன்று மைக்கூடு வைத்திருந்தாலும் சிவப்பு மையைத்தான் அதிகம் தொடுவார். பத்து மணிக்கு மேல் வருகிறவன் பெயருக்கு நேரே ஒரு சிவப்புச் சுழி. மூன்று சுழி விழுந்தால் நிரந்தரம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வேலை போனால் கீழக்கரையில் மாமனார் சங்கு குவித்துவைக்கும் கிட்டங்கிதான் கதி. சங்குச் சதை அழுகும் நாற்றம் எப்படிப்பட்டது என்பது அங்கே ஒரு நாள் நின்றவனுக்குத் தெரியும். ஹமீது சுல்தான் இரண்டு வருஷம் நின்றவன். "கவர்மெண்டு உத்தியோகம் பாத்துக்கிட்டுத்தான் இனி உங்க முகத்துல முழிப்பேன்" என்று மாமனாரிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு வேறு வந்திருந்தான்.

அன்றைக்கு ஆறு மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தான். முதல் சுழி விழுந்தது.

யார் செய்த வேலை இது என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. பஸ் டிரைவர் கூத்தையா. ஆறு மாதத்துக்கு முன்னால் கூத்தையா தன் பெண்சாதி பேரில் வாங்கின ஒரு குறுக்கம் நிலத்தைப் பதிய வந்திருந்தார். மூன்று மணிக்கு மேல் பத்திரம் வாங்கக் கூடாது என்பது விதி. அவர் படியேறும்போது மூன்று அடித்து ஐந்து நிமிஷம். ஹமீது சுல்தான் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைச் சட்டைக்கையை விலக்கிக் காட்டினான், அவ்வளவுதான். கூத்தையா கடிகாரத்தைப் பார்த்தார், அவன் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார், பெரிய மீசையைத் தடவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதற்கு மறுநாளிலிருந்து ஆரம்பித்தது வினை. தினம் காலை எட்டு மணிக்கு இவன் சைக்கிள் ஊர்க்கோடி டீக்கடையைத் தாண்டும். கடை பெஞ்சில் கூத்தையா உட்கார்ந்திருப்பார். இவனைப் பார்த்ததும் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியில் ஏறுவார். இரண்டாவது மைலில், சரியாகப் பாலத்துக்கிட்டே, முதுகுக்குப் பின்னால் ஹாரன். முன்னெல்லாம் எட்டுக்கோ எட்டரைக்கோ சாவகாசமாகக் கிளம்பிக்கொண்டிருந்த வண்டி அது.

"பழிவாங்குறான்" என்றான் வீட்டுக்கு வந்து.

அவன் மனைவி குல்சும், மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். "நேரா அவுககிட்டப் போயி, ஏன் இப்படிச் செய்யிறீகன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன மச்சான்?" என்றாள்.

ஒரு கவர்மெண்டு குமாஸ்தா போய் ஒரு டிரைவரிடம் கெஞ்சுவதா என்று அவளைக் கடிந்துகொண்டான். அவளும் அப்படியானால் நடங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவன் ஒரு தந்திரம் செய்தான். ஏழரைக்கே கிளம்பினான். பஸ்ஸுக்கு அரைமணி முன்னால் போய்விட்டால் எந்த மீசை என்ன செய்துவிடும்? டீக்கடையில் கூத்தையா அப்போதுதான் வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் வாயிலிருந்த தண்ணீரை அவசரமாகத் துப்பிவிட்டு, டீயே குடிக்காமல் வண்டிக்கு ஓடினார். பாலத்துக்கிட்டே ஹாரன், மணல், முள், எல்லாம் முறைப்படி நடந்தன. முன்கூட்டிக் கிளம்பியதால் நடந்தும் பத்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டான். சுழி விழவில்லை. ஆனால் சப்ரிஜிஸ்திரார்தான் வரவில்லை.

அவர் வழியில் நாலாவது மைலில், மாமியார் வீட்டில் குடியிருந்தார். அதே பஸ்ஸில்தான் வருவார். அன்று வழக்கமான நேரத்துக்கு ரோட்டுக்கு வந்தால் வண்டி எப்போதோ போய்விட்டது என்றார்களாம். உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியில் ஏறி, பதினொன்றரைக்கு முதுகெல்லாம் உப்போடு வந்து இறங்கினார். உள்ளூர ஹமீது சுல்தானுக்கு ஒரு திருப்தி. கூத்தையாவின் பழி இப்போது பெரிய இடத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா.

இருந்தாலும் தினம் ஆறு மைல் நடக்க யாரால் ஆகும்? அடுத்த நாள் யோசனையைத் திருப்பிப் போட்டான். பஸ்ஸை முன்னால் போகவிட்டுப் பின்னால் போவது. டீக்கடைக்கு எதிரே காயப்போட்டிருந்த வலைகளுக்குப் பின்னால் சைக்கிளோடு ஒளிந்துகொண்டான். எட்டு ஆயிற்று. எட்டரை ஆயிற்று. பஸ் நகரவில்லை. உள்ளே மீன்கூடைக்காரிகள் சண்டைக்கு நின்றார்கள். கூத்தையா மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டு, அவசரப்படாதீர்கள், நேரம் வரட்டும் என்று கையமர்த்தினார். அடிக்கொருதரம் கழுத்தை நீட்டி ஹமீது சுல்தான் வீட்டுத் தெருவைப் பார்த்தார்.

என்னைத்தான் தேடுகிறான் பாவி என்று வலைக்குள் இன்னும் ஒடுங்கினான் ஹமீது சுல்தான். கருவாட்டு நாற்றத்தில் அவனுக்கு மாமனாரின் கிட்டங்கி ஞாபகம் வந்து கண்ணில் நீரே வந்துவிட்டது. ஒன்பதரைக்குப் பொறுக்க முடியாமல் வெளியே வந்து ஏறி மிதித்தான். அவன் பத்து கெஜம் போவதற்குள் பஸ் எஞ்சின் உறுமிற்று. பாலத்தில் பஞ்சர். ஆபீஸ் போகும்போது மணி பன்னிரண்டு. நாலாவது மைல் வெயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்று காய்ந்து வந்திருந்த சப்ரிஜிஸ்திரார், இரண்டாவது சுழியைக் காகிதம் கிழியப் போட்டார்.

இனிமேல் பொறுப்பது மடத்தனம் என்று முடிவு செய்து, ஹமீது சுல்தான் பஸ் முதலாளிக்கு ஒரு மனு எழுதினான். பத்திரம் எழுதிப் பழகின கை. 'மேற்படி டிரைவர் மேற்படி ரஸ்தாவில் மேற்படி பஸ்ஸை நேரங்காலமின்றி ஓட்டி, மனுதாரரை மேற்படி மணலில் இறக்கிவருவதாலும்' என்று இரண்டு பக்கம் போயிற்று. சாயங்காலம் பஸ் ஷெட்டுக்கே போய்க் கொடுத்தான். அவன் வெளியே நிற்கும்போதே முதலாளி கூத்தையாவைக் கூப்பிட்டு, வண்டி எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், இனி ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று காய்ச்சுவது நன்றாகக் கேட்டது. ஹமீது சுல்தான் அன்று இரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் முன்ஜாக்கிரதையாக இன்னொன்றும் செய்தான். நாலடி மூங்கில் கம்பைச் சைக்கிள் கேரியரில் குறுக்காகக் கட்டி, ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் குல்சுமின் பழைய சிவப்புத் தாவணித் துண்டை முடிந்துவிட்டான். பஸ் நாலடி தள்ளித்தானே போயாக வேண்டும்?

எட்டு மணிக்குத் தெருமுனை திரும்பினவன் பிரேக்கை அழுத்தினான். கூத்தையா டீக்கடையில் இல்லை. நட்டநடு ரோட்டில், நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இவன் தெருவையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். சிவப்புத் துணி கண்ணில் பட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கையைத் தூக்கி ஒரு சலாம் வேறு வைத்துவிட்டு வண்டியில் பாய்ந்து ஏறினார். பாலத்துக்கிட்டே பஸ் ஒட்டி உரசிக்கொண்டு போனபோது கொடி அதன் சன்னல் கம்பியில் மாட்டி, கம்போடு போய்விட்டது. ஹமீது சுல்தான் மணலில் கிடந்தான். ஏதோ அல்லாஹ்வின் கிருபை, முள் மட்டும் குத்தவில்லை. பத்துக்குள் போய்விட்டான்.

அன்று சப்ரிஜிஸ்திராரும் நேரத்துக்கே வந்திருந்தார். எல்லோரையும் கூப்பிட்டு, நாளைக்கு ஜில்லா ரிஜிஸ்திரார் தணிக்கைக்கு வருகிறார், ஹமீது சுல்தானை நிரந்தரமாக்கும் காகிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கு யாராவது பிந்தி வந்தால் மைக்கூடு பறக்கும் என்று சொன்னார்.

"நாளைக்கு அவன் கண்ணுலயே படமாட்டேன்" என்றான் ஹமீது சுல்தான் குல்சுமிடம். "உப்பள வரப்பு வழியாப் போறேன். ரோடும் வேண்டாம், அவன் சங்காத்தமும் வேண்டாம்."

"அந்த மனுசன் சலாம் வச்சாருன்னு சொன்னீகளே. பழிவாங்குறவரு சலாமா வைப்பாரு?" என்றாள் குல்சும். பெண்களுக்கு உலக விவகாரம் புரியாது என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் கொல்லைப்புறமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், உப்பள வரப்பில் ஏறினான். சுற்றுவழிதான். ஆனால் ஹாரன் இல்லை, முள் இல்லை, மீசை இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் ஆபீஸ் வாசலில் நின்றான். காவல்காரனே அப்போதுதான் கதவைத் திறந்தான். ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் காலில் மணல் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவனுக்கு அழுகையே வரும்போல இருந்தது.

பத்தரைக்கு ஜில்லா ரிஜிஸ்திராரின் ஜீப் வந்தது. அவர் முதலில் சப்ரிஜிஸ்திரார் எங்கே என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பதினொன்று அடித்தது, பன்னிரண்டு அடித்தது. வருகைப் புத்தகத்தைப் புரட்டினவர், முதல் வரியில் ஒன்பது மணி என்று இருந்த கையெழுத்தைக் காட்டி யாருடையது என்று விசாரித்தார். ஹமீது சுல்தான் எழுந்து நின்றான்.

"இப்படி ஒருத்தர் இருந்தாப் போதும்யா, ஆபீஸ் உருப்பட்டுடும்" என்று சொல்லி, அவனுடைய காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பேனாவையும் திறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் ஆபீஸ் வாசலிலேயே வந்து நின்றது. சப்ரிஜிஸ்திரார் இறங்கினார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வேர்வை வரும். வண்டி வராமல் ஒன்பதரை வரை நின்றுவிட்டு, நாலு மைல் திருப்பாலைக்குடிக்கே நடந்து போய், டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்த டிரைவரையும் கண்டக்டரையும் கையோடு ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வழியில் கண்டக்டர் பால்சாமி காரணம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், சொல்வதை ஆபீஸில் எழுத்தில் சொல்லு என்று அடக்கிவிட்டாராம். இப்போது அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார்.

"அய்யா, இந்த வாரம் முழுக்க இந்த ரூட்டையே நாசம் பண்ணிட்டாங்க" என்று ஜில்லா ரிஜிஸ்திராரிடம் முறையிட்டார். "இதுக்குக் காரணமான ஆள் யாரா இருந்தாலும் சரி, இந்த ஜில்லாவுல அவனை ஒரு நாள்கூடச் சம்பளம் வாங்கிச் சாப்பிட விடமாட்டேன்."

ஜில்லா ரிஜிஸ்திராரும், கட்டாயம் விடக் கூடாது என்று ஒப்புக்கொண்டு, பேனாவை மூடிவைத்தார். வாக்குமூலம் எழுத யார் என்று பார்த்தார்கள். ஹமீது சுல்தான் கூப்பிடாமலே காகிதமும் கையுமாக முன்னால் வந்து நின்றான். ஆறு மாத வயிற்றெரிச்சல். அழகான எழுத்தில், 'மேற்படி கண்டக்டர் சொல்வது யாதெனில்' என்று தொடங்கினான்.

"இன்னைக்கு எட்டு மணிக்கு வண்டிய ஏன் எடுக்கல?" என்று கேட்டார் ஜில்லா ரிஜிஸ்திரார்.

பால்சாமி தலையைச் சொறிந்தான். "எட்டு மணி வரலீங்களே அய்யா."

ஹமீது சுல்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினான்.

"மணி எப்படிய்யா வராமப் போகும்? டிரைவர் கையில கடிகாரம் இல்லையா?"

"அது கடல்ல விழுந்து ஆறு மாசம் ஆச்சுங்க. ஊரு கடியாரத்த எல்லாம் அவரு நம்ப மாட்டாரு."

"அப்ப எதை வச்சுத்தான் வண்டிய எடுக்கிறீங்க?"

பால்சாமி, பேனாவோடு நின்றிருந்த ஹமீது சுல்தானைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு கும்பிட்டான்.

"அஞ்சு நிமிசம் பிந்திப் போனதுக்கு இவுக பத்திரம் வாங்காமத் திருப்பி அனுப்புனாகள்ல, அன்னைக்கே கூத்தையா அண்ணன் சொல்லிட்டாருங்க, 'ஏலே பால்சாமி, இந்த ஜில்லாவுலயே மணி தப்பாத மனுசன் இவுக ஒருத்தருதான், இனிமே இவுக சைக்கிள் டீக்கடையத் தாண்டுனா நமக்கு எட்டு மணி'ன்னு, இன்னைக்கு இவுக தாண்டவே இல்லீங்க, எங்களுக்கு இன்னும் எட்டே ஆகலீங்க."